பவளக்காலி

லிஃப்ட் மெக்கானிக்கின் பேச்சைப் பக்கவாதம் வாரிக்கொண்டு போனபோது, போனால் போகிறதென்று ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. ஆமா.

தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றால் அதற்கும் ஆமா. சன்னலைத் திறக்கவா, மூடவா, எதைக் கேட்டாலும் ஆமா. கேட்பதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. சொல்ல நினைத்தது வாய்க்கு வந்து சேர்கிற வழியில்தான் சிக்கல். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே மாடியில் போய் நிற்கிற லிஃப்ட் மாதிரி ஆகிவிட்டார் மனிதர்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவது என்று பிழைப்பு நடத்துபவள். தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா.

"இத்தனை வருஷமா இந்த மனுஷன் வாயிலேருந்து ஒரு ஆமா வராதான்னு ஏங்கினேன். இப்ப அதைத் தவிர வேற எதுவும் வரமாட்டேங்குது" என்று துணி கொண்டு வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவர்கள் படியிறங்கியதும் சிரிப்பும் இறங்கிவிடும்.

ஏனென்றால் அவர் அப்படிப்பட்ட ஆள். எதற்கும் முதல் சொல் 'இல்ல'தான். மழை வருது என்றால், இல்ல, தூறல் என்பார். டீ ஆறிடுச்சு என்றால், இல்ல, இப்பத்தான் குடிக்கிற சூடு என்பார். அவரோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே அவளுடைய வாய்க்கும் ஒரு கூர் ஏறியிருந்தது. இப்போது எதிராளி இல்லாமல் அது துருப்பிடித்துக் கிடந்தது.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பறவை. குளிர் விட்டும் விடாமலும் இருக்கிற நாட்களில், எங்கிருந்தோ கிளம்பி எங்கோ போகிற பறவைக் கூட்டங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் குடிநீர் ஏரியில் இறங்கும். சில நாள் தின்று, சிறகு கோதி, இளைப்பாறிவிட்டு மறுபடி கிளம்பும். கொஞ்ச வாரம்தான் அந்தக் கூத்து. அதற்கென்றே லீவு சேர்த்து வைத்து, விடிகிற முன்னாலேயே பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுப்பாளே தவிர ஒருநாளும் கூடப் போனதில்லை. "பறவைன்னா ரெண்டு காலு, ஒரு மூக்கு. அதுல பாக்க என்ன இருக்கு?" என்பாள். இல்ல, என்று ஆரம்பித்து அவர் விளக்கத் தொடங்கும்போது மெஷினை ஓட்டிவிடுவாள்.

அந்த வருடம் குளிர் தணியத் தொடங்கிய ஒரு காலையில், வலது கையும் காலும் விழுந்துபோயிருந்த அவர் சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவள் ஒரு கோட்டின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நாற்காலி நகர்கிற சத்தம். திரும்பினால், யாரும் தாங்காமல் எழுந்து நிற்கிறார். இடது கை வானத்தைக் காட்டுகிறது. எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே, உயரத்தில், ஒரு நீளக் கோடாகப் பறவைகள் போய்க்கொண்டிருந்தன.

"ஆமா. ஆமா, ஆமா" என்றார்.

அவள் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தாள். "கொக்கா?"

"ஆமா."

"வாத்தா?"

"ஆமா." அவர் முகம் சுருங்கியது. இரண்டுமில்லை என்று அந்த முகம் சொன்னது. வேறென்ன என்று கேட்க அவளிடம் மூன்றாவது பெயர் இல்லை. கோடு கூரைக்குப் பின்னால் மறைந்தது. அவர் சரிந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது என்ன பறவை என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ஒன்று தெரிந்தது: அவர் பேச்சு போனது பாதிதான், மீதிப் பாதி, கேட்க வேண்டியவளுக்கு ஒன்றும் தெரியாததால் போயிருக்கிறது.

மறுநாள் அவருடைய தடித்த பறவைப் புத்தகத்தை எடுத்து, மெஷினுக்குப் பக்கத்தில் விரித்து, துணிக் கிளிப் இரண்டு மாட்டி நிறுத்தினாள். ஒரு பேன்ட் முடித்தால் ஒரு பக்கம். முதலில் எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் தெரிந்தது. ஏரிச் சேற்றில் ஓடித் திரிகிற உள்ளான் வகைகளைப் பார்த்து, "ஒரே துணியில எத்தனை டிசைன்டா சாமி" என்று தலையில் கைவைத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த வழியில் பிடித்தாள். எந்தப் பறவைக்குக் கழுத்துப்பட்டி இருக்கிறது, எதற்குச் சிறகோரத்தில் வெள்ளை பார்டர், எதற்கு முதுகில் வெள்ளை ஒட்டுத்துணி. உடுப்பு என்று பார்த்தால் ஒன்றும் மறக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் வாராவாரம் போவார்கள். அவள் அட்டைகளைக் காட்டுவாள்: ஆப்பிள், சாவி, நாற்காலி. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"டீச்சர், இவர் நல்லா இருந்தப்பவே ஆப்பிளைத் திரும்பிப் பாத்ததில்ல" என்றாள் தையலக்கா. "ஏரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

பயிற்சிப் பெண் யோசித்தாள். "ஆசையா செய்யறது எதுவோ அதுல பேச்சுக்கு வழி கிடைக்கலாம்மா. கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நடக்கறதுக்கு டாக்டர் சரின்னு சொல்லணும்."

டாக்டர், ஊன்றுகோலோடு, துணையோடு, மெதுவாக என்றால் சரி என்றார். சரி என்று சொல்லாதது நாத்தனார்தான்.

நாத்தனாருக்கு மருந்துக்கடையில் வேலை. அண்ணனுடைய மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. அண்ணன் என்றால் உயிர். விஷயத்தைக் கேட்டதும் மாத்திரை டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணி, அந்த ஏரிக்காத்து எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? வழுக்கி விழுந்தா யார் தூக்கறது? பேசாம வீட்ல படுத்து ஓய்வெடுக்கட்டுமே."

"படுத்தா படுத்தபடிதான் கிடப்பாரு."

"அவருக்கு இஷ்டமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆமான்னாரு."

நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. "வேண்டாமான்னு கேட்டிருந்தா? அதுக்கும் ஆமான்னுதானே சொல்லியிருப்பாரு? அண்ணனால வேண்டாம்னு சொல்ல முடியாது அண்ணி. அதனால நீங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் வர்றாரு. எனக்குப் பாக்கவே பொறுக்கல."

அது தையலக்காவைச் சுருக்கென்று தைத்தது. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். அவரிடம் கேட்டு என்ன பயன்? எதைக் கேட்டாலும் ஒரே பதில்தானே. உண்மையிலேயே அவருக்காகத்தான் செய்கிறேனா, இல்லை சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்க்கச் சகிக்காமல் செய்கிறேனா என்று அன்று முழுக்க யோசித்தாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. கடைசியில், அவர் மனசு தெரியாமல் கட்டாயப்படுத்தக் கூடாது, இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு படுத்தாள்.

காலையில் எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆளைக் காணோம். வாசல்கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ ஏறியிருந்தது. இன்னொரு ஷூவை இடுக்கிக்கொண்டு, இடது கையால் மட்டும் நாடாவோடு போராடிக்கொண்டிருந்தார். பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறாரோ.

அவள் குனிந்து நாடாவைக் கட்டிவிட்டாள்.

ஏரிக்குப் பஸ்ஸில் போய், மண்பாதையில் நடந்து சேர்ந்தார்கள். கரையோரம் நாணல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து தண்ணீரை மறைத்தது. பறவை பார்க்க வேண்டுமென்றால் நாணலுக்கு மேலே எழும்பி நிற்கிற மரக்கோபுரத்தில் ஏற வேண்டும். செங்குத்தான படிகள். ஊரெல்லாம் படியேறாமல் இருக்க லிஃப்ட் மாட்டிக் கொடுத்தவருக்கு இங்கே லிஃப்ட் இல்லை.

மேலேயிருந்து ஒரு நீளக் கழுத்து எட்டிப் பார்த்தது. ஒட்டகச்சிவிங்கி. பஸ் டிரைவர், இவருடைய பல வருடத்துப் பறவைக் கூட்டாளி. உயரத்தால் வந்த பெயர். நண்பருக்குப் பேச்சு போனதிலிருந்து, காதும் போய்விட்டதைப் போலக் கத்திப் பேசுவது இந்த டிரைவர் வழக்கம்.

"வாப்பா வா! நல்லா இருக்கியா? மேல வராத, கீழயே நில்லு!"

லிஃப்ட் மெக்கானிக் அதைக் காதில் வாங்காமல் கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினார். சில படிகள் ஏறியதும் வலது கால் துணியாகத் துவண்டது. அவள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தாள், பிடி நிற்கவில்லை. இறங்கி வந்த ஒரு குடும்பம் வழியில்லாமல் நின்று, பரவாயில்லை, பரவாயில்லை என்றது. அந்தப் பரவாயில்லைதான் அவரை உடைத்தது. மெதுவாகக் கீழே இறங்கி, தரையைப் பார்த்தபடி, "ஆமா" என்றார். போகலாம் என்று அவளுக்குப் புரிந்தது. நாணலுக்கு அந்தப் பக்கம் பறவைகளின் இரைச்சல் சந்தைக்கடை போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள், "ஏறலாங்க. ஏற வைக்கிறேன். இதுங்க கிளம்பறதுக்குள்ள" என்றாள். அவர் சன்னலைப் பார்த்தபடி வந்தார்.

அன்றே அவருடைய பழைய வேலைப் பையைக் கவிழ்த்தாள். லிஃப்ட் குழியில் இறங்கும்போது இடுப்பில் கட்டுகிற பாதுகாப்பு பெல்ட் கிடைத்தது. அதை அவருடைய இப்போதைய இடுப்புக்குக் குறைத்து, உள்பக்கம் பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் முதுகிலும் பிடித்துக்கொள்ள வார் வைத்துத் தைத்தாள். முரட்டு நாடா, மெஷின் ஊசிகள் முறிந்தன. கடைசியில் செருப்புத் தைக்கிறவரிடம் ஒரு கனத்த ஊசி வாங்கி வந்து கையாலேயே முடித்தாள்.

வீட்டுப் பக்கவாட்டில் மாடிவீட்டுக்காரரின் படிகள் இருந்தன. காலையில், மதியத்தில், துணி கொடுக்க வருகிறவர்கள் இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் பயிற்சி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுள்ள கால் முதலில் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "நல்லது மேல, நொந்தது கீழ" என்று அவள் அதைப் பாட்டாக்கிவிட்டாள். அவர் வியர்த்து வழிவார். ஊன்றுகோலை ஒருநாள் தூக்கி எறிந்தார். அவள் எடுத்து வந்து கையில் கொடுத்து, "எறிஞ்சதும் இடது கைதான். அது நல்லாத்தான் இருக்கு. வலது காலைத் தூக்குங்க" என்றாள். மாடிவீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, படியிலிருந்த பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்தார்.

ஒட்டகச்சிவிங்கி ஒருநாள் வந்து, ஏரியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிகிறது, கூட்டம் அள்ளுகிறது, ஆனால் காற்று திரும்பினால் கிளம்பிவிடும் என்று கத்திச் சொன்னார். "கேக்குது அண்ணே. ரெண்டு பேருக்கும் கேக்குது" என்றாள் அவள்.

காற்று திரும்பவில்லை. வானம் வெளுத்திருந்த ஒரு காலையில் மறுபடி போனார்கள். பெல்ட்டின் முதுகு வாரை அவள் பிடிக்க, மேலேயிருந்து ஒட்டகச்சிவிங்கி இறங்கி வந்து பக்கவாட்டு வாரைப் பிடித்தார். நல்லது மேல. மறுபடி நல்லது மேல. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பின்னால் யாரோ காத்திருந்தார்கள். இந்தமுறை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் படியில் ஏறி, பலகைச் சுவரில் சாய்ந்து, கண் மட்டத்தில் திறந்திருந்த நீளத் திறப்பு வழியாக ஏரியைப் பார்த்தார்.

சேற்றுத் திட்டெல்லாம் உயிராக இருந்தது. ஓடி, நின்று, குத்தி, மறுபடி ஓடுகிற குட்டி உள்ளான்கள். தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்கிற வாத்துகள். தையலக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். புத்தகத்தில் அசையாமல் இருந்தவை இங்கே ஒரு நொடி நிற்கமாட்டேன் என்றன.

"அது வாலாட்டிக் குருவி" என்றாள், கரையில் வால் துள்ளுகிற ஒன்றைக் காட்டி.

"ஆமா" என்றார் அவர்.

"சரியாச் சொன்னே தங்கச்சி!" என்றார் ஒட்டகச்சிவிங்கி.

நாணல்மேல் தாழ்வாக மிதந்த பெரிய பறவையைக் காட்டி, கழுகு என்றாள். "ஆமாமா, கழுகுதான்!" என்றார் ஒட்டகச்சிவிங்கி. அது கழுகில்லை, பூனைப்பருந்து என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். நோயாளியும் நோயாளியின் மனைவியும் சந்தோஷமாக இருக்கட்டும் என்கிற பெரிய மனசு. லிஃப்ட் மெக்கானிக் நண்பரைத் திரும்பிப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. பழைய நாளில் இந்தக் கோபுரத்தில் ஒரு தப்புப் பெயர் விழுந்தால் இருவரும் அரைநாள் சண்டை போடுவார்கள்.

பக்கத்திலிருந்த சிறு மடையில், கால் முழுக்கத் தண்ணீருக்குள் மறைய, சாம்பல் நிறத்தில் ஒன்று தனியாக நின்றது. தையலக்காவுக்கு ஒரே உற்சாகம். "பச்சைக்காலி. புத்தகத்துல பாத்திருக்கேன். பச்சைக்காலி உள்ளான்."

"அதேதான்! பச்சைக்காலிதான்!"

"இல்ல."

கோபுரத்தில் யார் சொன்னார்கள் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஒட்டகச்சிவிங்கியும் திரும்பிப் பார்த்தார். அவள் கணவர் இடது கையால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"இல்ல. இல்ல, இல்ல."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் இவர்கள் பக்கமே பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் பறவைதான் முக்கியம். அதையே காட்டிக்கொண்டிருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சண்டை என்றால் சண்டையே ஆகட்டும் என்று, "ஏன் இல்ல? மூக்கு நீளமா இருக்கில்ல? சாம்பலா இருக்கில்ல?" என்றாள்.

"இல்ல."

"காலே தெரியல, நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"இல்ல" என்றார், பொறு என்பதுபோலக் கையை உயர்த்தி.

பொறுத்தார்கள். மடையில் ஒரு வாத்து வந்து தடாலென்று இறங்க, அந்தப் பறவை எழும்பியது. சிறகை விரித்ததும் பின்னோரம் முழுக்க அகலமாக, பளிச்சென்று வெள்ளை. தையலக்கா அந்த பார்டரைப் பார்த்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்றுகூட நினைவு வந்தது. கூடவே தொங்கிய கால்களும் தெரிந்தன, செக்கச் செவேலென்று.

"பவளக்காலி" என்றாள்.

"ஆமா" என்றார் அவர்.

இத்தனை மாதமாக ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் சொன்ன ஆமா அதுவரை அவள் காதில் விழுந்ததில்லை. ஒட்டகச்சிவிங்கி பைனாகுலரைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, முதல்முறையாகக் கத்தாமல், "முன்னாடி சொன்னது கழுகில்ல தங்கச்சி, பூனைப்பருந்து. மன்னிச்சுக்கோ" என்றார்.

மாலையில் நாத்தனார் வந்தாள். படியேறிய செய்தி அவளுக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பக் களைப்பா இருக்காண்ணா? இனிமே அங்க போக வேண்டாம்தானே?" என்று கேட்டாள்.

"இல்ல."

நாத்தனார் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அண்ணியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க? இல்லன்னா, போக வேண்டாம்னா? போகணும்னா?"

"கேள்வியை நேராக் கேளு. போகணுமான்னு கேளு" என்றாள் தையலக்கா.

"போகணுமாண்ணா?"

"ஆமா."

"படுத்து ஓய்வெடுக்கறீங்களா?"

"இல்ல."

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். "நான் கேட்டதுல தப்பில்லையே அண்ணி. எனக்கு அவர் வாயால தெரியணும்" என்றாள். "நீ கேக்காம இருந்திருந்தா நானும் யோசிச்சிருக்க மாட்டேன்" என்றாள் தையலக்கா. அது உண்மைதான்.

அடுத்து வந்த நாட்களில் வீடு இல்ல மயமானது. கஞ்சி, இல்ல. ஸ்வெட்டர், இல்ல. சலூன்காரர் வந்து தலைமுடியைக் குறைக்கலாமா என்றால், இல்ல. தையலக்கா பழையபடி மல்லுக்கு நின்றாள். பயிற்சிப் பெண் மட்டும் நிதானமாக இருந்தாள். கோபத்தில் ஒரு சொல் முதலில் உடைத்துக்கொண்டு வருவது உண்டு, பெயர்கள் வர நாளாகும், சில வராமலேயே போகலாம், எல்லாம் வந்துவிடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம் என்றாள். ஆப்பிள் அட்டையை எடுத்துக் காட்டினாள். "இல்ல" என்றார் அவர். அவளே சிரித்துவிட்டாள்.

தையல் முன்னறைக் கதவில் 'காலையில் கடை இல்லை' என்று அட்டை தொங்கியது. பறவைகள் இருக்கிற வரைக்கும் போனார்கள். சில நாள் கால் ஒத்துழைக்காமல் பாதிப் படியோடு திரும்பினார்கள். ஒருநாள் மேலே போய்ச் சேர்ந்தும், மூடுபனியில் ஒன்றும் தெரியாமல் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தார்கள். அவள் தெரிந்த பெயரைச் சொல்வாள். தெரியாததற்கு வாய்க்கு வந்ததைச் சொல்வாள். இல்ல, இல்ல என்று அவர் நெருக்கி நெருக்கி, அவள் சரியான இடத்துக்கு வந்து சேர்வாள்.

பிறகு காற்று திரும்பியது. வாத்துகள் முதலில் போயின. சேற்றுத் திட்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு விடுமுறை நாளில் நாத்தனாரும் கூட வந்தாள். பெல்ட்டின் பக்கவாட்டு வாரைப் பிடித்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு படி ஏறும்போதும் தானும் மூச்சை அடக்கிக்கொண்டாள். மேலே போனால் ஏரியில் அதிகமாக ஒன்றுமில்லை. இதற்கா இத்தனை பாடு என்று கேட்க வாயெடுத்தவள், அவர்கள் தலைக்கு மேலே கூரைச் சட்டத்தின் அடியில் ஏதோ விருட்டென்று நுழைய, குனிந்துகொண்டாள். கருநீல முதுகும் பிளந்த நீள வாலுமாக ஒரு சின்னப் பறவை. வாயில் ஈர மண். புதிதாக வந்து சேர்ந்தது. கூடு கட்ட இடம் பிடிக்கிறது.

"இது என்னண்ணா?" என்றாள்.

ஒட்டகச்சிவிங்கி வாயைத் திறந்தார். தையலக்கா உதட்டில் விரலை வைத்து அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். "த..." என்றார். நின்றது. தாடை இழுத்தது. "த... இல்ல. த..."

பறவை வெளியே போனது. இன்னும் கொஞ்சம் மண்ணோடு திரும்பி வந்தது. "தகை..." என்றார். நாத்தனார் உதவுகிற மாதிரி கையை நீட்டினாள். என்ன சொல்லி உதவுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தையலக்காவுக்குத் தெரியும். புத்தகத்தில் அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். நாக்கு நுனியில் துடித்த பெயரைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

மண் உருண்டை சட்டத்தில் ஒட்டியது. பறவை மறுபடி கிளம்பியது.

"தகை... வி... லா" என்றார் அவர். கடைசி 'ன்' மட்டும் வரவில்லை. ஆனால் பெயர் அதுதான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் தையலக்கா.